இரண்டு நாள் சென்னை: பட்டணம் பார்க்கும் வழக்கத்தின் வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஒருவர் ‘பட்டணம் பார்த்துவிட்டு வந்தார்’ என்றால், அவர் சென்னைக்கு ரயிலேறி, இரண்டு மூன்று நாள் தங்கி, ஊரார் காதால் கேட்டிருந்த சில இடங்களைத் தம் கண்ணால் கண்டு திரும்பினார் என்றே கேட்பவர் புரிந்துகொள்வார். மக்கள் செத்த காலேஜ் என்று அழைத்த எழும்பூர் அருங்காட்சியகம், உயிர் காலேஜ் என்று அழைத்த விலங்குக் காட்சிச்சாலை, மூர் மார்க்கெட், ஐகோர்ட்டு, கலங்கரை விளக்கம், கடற்கரை, பிற்காலத்தில் எல்.ஐ.சி. கட்டிடமும் தலைவர்களின் சமாதிகளும் என அமைந்த அந்தப் பட்டியலை எந்த அரசுத் துறையும் வகுத்துக் கொடுக்கவில்லை. வண்டி எங்கே இறக்கிவிட்டது, இரவில் படுக்க எங்கே இடம் கிடைத்தது, எதைக் காசில்லாமலோ சில்லறைக் காசுக்கோ பார்க்க முடிந்தது என்பவற்றைக் கொண்டு, முதன்முறையாக நகரத்துக்கு வந்த நாட்டுப்புற மக்களே அதை உருவாக்கினார்கள். நீதி வழங்கவும் கப்பலுக்கு வழிகாட்டவும் காப்பீட்டுக் கணக்கு எழுதவும் எழுந்த கட்டிடங்களைப் பார்வையிடங்களாக்கியவர்களும் அவர்களே.

நகரைச் சுற்றிப் பார்ப்பது தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ‘ஊர்காண் காதை’ என்றே ஒரு பகுதி உண்டு. கண்ணகியைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகளிடம் இருத்திவிட்டுக் கோவலன் மதுரையின் வீதிகளைக் கண்டு மீள்வதை அது விரித்துரைக்கிறது. ஆயினும் கோவலன் பிழைப்புத் தேடி வந்தவன். 1800ஆம் ஆண்டையொட்டிய சென்னையைக் களமாகக் கொண்டு வடமொழியில் எழுதப்பட்ட ‘சர்வதேவ விலாசம்’ என்னும் நூலில், நகரின் தோட்டங்களையும் கோயில்களையும் செல்வர் மாளிகைகளையும் சுற்றிவரும் அறிஞர் இருவரும் புரவலரைத் தேடி அலைபவர்களே அன்றி வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர். வணிகம், வழக்கு, வழிபாடு என்று ஏதேனும் ஒரு காரியமில்லாமல் நெடுவழி போவது அக்காலத்தில் அரிதாயிருந்ததற்குப் பயணத்துக்கான செலவும் நாளுமே காரணம். சென்னையைச் சேர்ந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதத்தில் பரிவாரத்துடன் காசிக்குப் புறப்பட்டு 1831 செப்டம்பரில்தான் வீடு திரும்பினார். அவர் தெலுங்கில் எழுதிவைத்த யாத்திரைக் குறிப்புகளில் தெய்வ தரிசனத்தோடு சாலை, சத்திரம், ஆற்றைக் கடக்கும் வழி, அரிசி கிடைக்கும் இடம் என்பனவும் நிரம்ப இடம்பெறுவதிலிருந்து, பயணத் திட்டம் என்பது அந்நாளில் எத்தனை கனத்த சுமையாக இருந்தது என்பது விளங்கும்.

இந்தச் சுமையைக் குறைத்தது ரயில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே ஓடத் தொடங்கியபோது, மாட்டு வண்டியில் நாள்கணக்கில் கடந்த தொலைவு மணிக்கணக்காகச் சுருங்கியது. சென்ட்ரல் நிலையம் 1873இலும், ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி ஒப்பந்தக்காரர் சாமிநாதப் பிள்ளை கட்டிய எழும்பூர் நிலையம் 1908 ஜூனிலும் திறக்கப்பட்டன. மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் அகலப் பாதையில் வந்தவர்கள் சென்ட்ரலில் இறங்கினார்கள். தஞ்சை, திருச்சி, மதுரை, நெல்லைச் சீமைகளிலிருந்து மீட்டர் பாதையில், அதாவது தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் அகலமுள்ள பாதையில், வந்தவர்கள் எழும்பூரில் இறங்கினார்கள். இந்த இரண்டு நிலையங்களையும் சுற்றி ஒருவர் மூட்டையைச் சுமந்தபடியே நடந்து அடையக்கூடிய பரப்பில்தான் பழைய பட்டியலின் பாதி அடங்கியிருக்கிறது. அருங்காட்சியகம் எழும்பூர் நிலையத்துக்கு அருகில். விலங்குக் காட்சிச்சாலையும் மூர் மார்க்கெட்டும் சென்ட்ரலுக்குப் பக்கத்தில். இது தற்செயல் என்று தோன்றலாம். ஆனால் நிலையங்களுக்கு அப்பால் இருந்த எத்தனையோ சிறந்த இடங்கள் பட்டியலில் ஏறவேயில்லை என்பதை நோக்கினால் நடையின் ஆட்சி புலப்படும். புனித ஜார்ஜ் கோட்டையே, நகரம் பிறந்த இடமாயிருந்தும், படைவீரர் காவல் நின்ற காரணத்தால் நாட்டுப்புறத்தார் வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போகும் இடமாகவே நெடுங்காலம் இருந்தது.

பயணத்துக்கான ஏற்பாடு ஓர் அஞ்சலட்டையில் தொடங்கியது. 1879இல் கால் அணா விலையில் அஞ்சலட்டை வந்த பிறகு, பட்டணத்தில் பின்னி ஆலையிலோ அச்சகத்திலோ அலுவலகத்திலோ வேலையிலிருந்த உறவினருக்கு இன்ன தேதியில் இன்ன வண்டியில் வருகிறோம் என்று எழுதிப் போடுவதும், அவர் நடைமேடையில் வந்து காத்திருப்பதும் வழக்கமாயின. அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும் தை, மாசி மாதங்களே இதற்கு ஏற்ற காலம். கட்டுச்சோறாகப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலியும், முந்தானையிலோ இடுப்பு மடியிலோ முடிந்த பணமும், முகவரி எழுதிய துண்டுத்தாளும் பயணப் பொருள்கள். பட்டணம் பார்ப்பதற்கென்றே புறப்பட்டவர்களைக் காட்டிலும், வேறொரு காரியத்தோடு அதையும் சேர்த்துக்கொண்டவர்கள் மிகுதி என்பதையும் மறந்துவிடலாகாது. ஐகோர்ட்டில் மேல்முறையீட்டு வழக்குக்கு வந்த மிராசுதார், சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பெரியாஸ்பத்திரிக்கோ எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரிக்கோ நோயாளியை அழைத்து வந்த குடும்பத்தார், திருப்பதிக்குப் போய்த் திரும்பும் வழியில் இறங்கிய யாத்திரிகர் ஆகியோருக்கு நகரைப் பார்க்கக் கிடைத்தது பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளே. குறுகிய அந்த அவகாசமே பட்டியலையும் இறுக்கமாக வைத்திருந்தது.

தங்குமிடம் எளிய செய்தியன்று. உறவினர் இல்லாதவர்கள் சத்திரத்தை நாடினார்கள். சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்குவதற்காகச் செல்வர் அறமாகக் கட்டிவைத்த விடுதி. சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரம் ரயிலில் வந்தவர்களை மனத்தில் கொண்டே எழுந்தது. ஆனால் அக்காலச் சத்திரங்கள் பலவற்றில் சாதி பார்த்தே இடம் கொடுக்கப்பட்டது. இன்ன வகுப்பாருக்கு மட்டும் என்று பத்திரத்திலேயே எழுதப்பட்டவையும் உண்டு. ஓட்டல்களிலும் ரயில் நிலைய உணவகங்களிலும் பிராமணருக்குத் தனி இடம் ஒதுக்கும் வழக்கம் இருந்தது. பொதுச் சாலை, கிணறு, அரசுக் கட்டிடம் முதலியவற்றை ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளிட்ட எல்லோரும் பயன்படுத்தலாம் என்று இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் 1924இல்தான் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பட்டணம் பார்த்தலைப் பற்றிப் பேசும்போது அது எல்லோருக்கும் ஒன்றுபோல் அமைந்த இன்பம் என்று எழுதிவிடுவது பொய்யாகும். கோயில் வாசலிலும் சத்திரத்து வாசலிலும் நிறுத்தப்பட்டவர்களுக்கு, விலங்குகளும் எலும்புக்கூடுகளும் கடற்கரையும் கேள்வி கேட்காமல் கிடைத்தன என்பது அந்த மூன்றின் புகழுக்கு ஒரு முக்கியமான காரணம் எனலாம்.

அருங்காட்சியகத்தின் கதை சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. 1851இல் நுங்கம்பாக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு இந்திய மொழிகளைக் கற்பித்துவந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டிடத்தில், பெரும்பாலும் கல்லும் கனிமமுமாக இருந்த ஒரு சேகரத்தைக் கொண்டு அது தொடங்கியது. எட்வர்டு பல்ஃபூர் என்னும் மருத்துவர் அதன் பொறுப்பாளர். கல்லூரியில் இருந்ததால் மக்கள் அதைக் காலேஜ் என்றார்கள். 1854இல் எழும்பூரில் பாந்தியன் என்னும் பழைய பொழுதுபோக்கு மாளிகைக்கு இடம் மாறிய பின்னும் பெயர் விடவில்லை. பல்ஃபூர் அங்கே புலிக்குட்டி முதலிய உயிருள்ள விலங்குகளையும் கொண்டுவந்து நிறுத்தியபோது கூட்டம் பெருகியது. அதைக் கண்ட அவர், ஆர்க்காட்டு நவாபிடமிருந்து அவருடைய விலங்குகளையும் பெற்று, ஒரு விலங்குக் காட்சிச்சாலையையே உண்டாக்கினார். பாடம் செய்து வைக்கப்பட்ட உயிரினங்கள் ஒரு பக்கமும் உறுமும் விலங்குகள் மறு பக்கமுமாக நின்றதால்தான் ஒரே காலேஜ் செத்ததும் உயிருள்ளதுமாக இரண்டாகப் பிரிந்தது. 1863இல் விலங்குகள் சென்ட்ரலுக்கு அருகிலுள்ள பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டன. கல்வெட்டு, நாணயம், அமராவதிச் சிற்பம், சோழர் காலச் செப்புத் திருமேனி என்று அருங்காட்சியகம் அறிஞரிடையே பெற்ற பெருமை வேறு. நாட்டுப்புறத்தார் ஊருக்குப் போய்ச் சொன்னதோ கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் திமிங்கல எலும்புக்கூட்டைப் பற்றித்தான். கடலையே பாராத ஊர்க்காரருக்குக் கடலின் ஆழத்தை அளந்து காட்டிய பொருள் அது.

பீப்பிள்ஸ் பார்க் என்பது ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில், இந்தியர் நெருங்கி வாழ்ந்த கருப்பர் பட்டணத்தாருக்குக் காற்றோட்டமான வெளி வேண்டும் என்று, நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் அமைக்கப்பட்ட பூங்கா. ஆண்டுதோறும் டிசம்பர்க் கடைசியில் அங்கே நடந்த பார்க் கண்காட்சி வெளியூராரைப் பெருமளவில் ஈர்த்தது. 1886 டிசம்பர் 31 அன்று அக்கண்காட்சியில் கொட்டகைகள் தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் பாதுகாப்பு என்னும் கேள்வி சென்னையில் எழுந்த கொடிய தருணங்களுள் அது ஒன்று. பூங்காவின் ஓரங்கள் பின்னர் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டு விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், 1913இல் மாநகராட்சியின் ரிப்பன் கட்டிடம் ஆகியவை எழுந்தன. மாநகராட்சித் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயர் தாங்கி 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் முதல் கிளி, முயல் வரை எல்லாம் விற்றன. சற்றுத் தள்ளி வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை. கன்னையா கம்பெனியின் தசாவதார நாடகத்தின் காட்சி சோடனைகள் பட்டணத்து அதிசயங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டன. பகலில் விலங்கு, மாலையில் மார்க்கெட்டு, இரவில் நாடகம் என்று ஒரு நாள் முழுவதையும் சென்ட்ரலைவிட்டு அரைக்கல் தொலைவு கூட நகராமல் கழிக்க முடிந்தது.

இரண்டாம் நாள் கிழக்கு நோக்கியது. அந்தப் பயணமே ஒரு காட்சி. ஏனெனில் 1895 மே 7 முதல் சென்னையில் மின்சார டிராம் ஓடியது. குதிரையும் மாடும் பூட்டாத வண்டி தெருவில் தானே போவதைக் காண்பதற்கும், சில்லறை கொடுத்து அதில் கடைசி நிறுத்தம் வரை போய்வருவதற்கும் ஆள் குறைவில்லை. 1953 ஏப்ரலில் டிராம் நிற்கும் வரை இது பட்டியலில் இருந்தது. 1892இல் திறந்த செந்நிற ஐகோர்ட்டு, அதன் மிக உயர்ந்த மாடத்தில் 1894 முதல் எரிந்த கலங்கரை விளக்கம், கிழக்கு மதிலருகே ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு சுட்ட குண்டு விழுந்ததைக் குறிக்கும் கல் என்று மூன்றையும் ஒரே வளாகத்தில் பார்த்துவிடலாம். நீதிமன்றம் திறந்த மன்றம் ஆதலால், வழக்கில்லாதவரும் பின்வரிசையில் ஓசையின்றி நின்று, கறுப்பு அங்கி அணிந்தவர்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதைப் பார்த்துவிட்டு வெளியேறினார்கள். புரியாத மொழியில் நடந்த அந்த வாதம் நிலத்தைப் பறிக்கவும் உயிரை எடுக்கவும் வல்லது என்பதை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

கடற்கரையோ இயற்கை அளித்தது என்று வந்தவர்கள் எண்ணினார்கள். அதில் பாதி மனிதன் செய்தது. 1870களின் நடுவில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடைப்பட்டுக் குவிந்து, முன்பு சாலையை நெருங்கியிருந்த அலைகளை அப்பால் தள்ளியது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். 1909இல் அதன் ஓரத்தில் கடல்மீன்களைக் கண்ணாடித் தொட்டிகளில் காட்டும் நீர்வாழ் காட்சியகம் ஒன்றும் திறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டு மறைந்தது.

அச்சிட்ட கையேடுகள் இல்லாமலில்லை. 1900இல் வெளிவந்த தென்னிந்திய ரயில்வேயின் படவிளக்கக் கையேடு ஊர் ஊராகத் தங்குமிடம், வண்டி வசதி, திருவிழா, கைத்தொழில், பார்க்கத் தக்கவை என்று விவரம் தருகிறது; ஐரோப்பியருக்கு முசாபரி பங்களா, அதாவது அரசின் பயணியர் விடுதி, எங்கே உண்டு, இந்தியருக்குச் சத்திரம் எங்கே உண்டு என்பதையும் பிரித்துக் கூறுகிறது. ஆங்கிலம் படித்த சிலருக்கே அது பயன்பட்டது. மற்றவர்களுக்கு வழிகாட்டி, முன்பு போய்வந்தவரின் வாய்ச்சொல்லே. அச்சொல்லில் பார்க்க வேண்டியவற்றுக்கு ஈடாக எச்சரிக்கைகளும் இருந்தன: மூர் மார்க்கெட்டில் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்க வேண்டும், ஜட்கா வண்டிக்காரரிடம் ஏறுமுன்பே கூலி பேசிவிட வேண்டும், தானாக வந்து உதவுபவரை நம்பலாகாது என்பன போல. ஏமாற்றுக்காரர்களைப் பற்றிய கதைகளில் கேலியும் மிகுதி. சென்ட்ரல் நிலையத்தையே விலைபேசி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தவரைப் பற்றி ஊருக்கு ஊர் ஒரு கதை வழங்கியது. கே. பாலசந்தர் இயக்கி 1967இல் வந்த ‘அனுபவி ராஜா அனுபவி’ படத்தில் தூத்துக்குடியிலிருந்து வந்த நாகேஷ் சென்னையைக் கண்டு மிரண்டு பாடும் காட்சி அரங்குகளில் பெற்ற வரவேற்புக்கு, பார்த்தவர்களில் பலர் அந்த மிரட்சியை அறிந்திருந்ததே காரணம்.

விடுதலைக்குப் பின் பட்டியலில் நுழைந்தவற்றுள் எல்.ஐ.சி. கட்டிடமே தலையாயது. 1959இல் அண்ணா சாலையில், அன்றைய மவுண்ட் ரோட்டில், திறக்கப்பட்ட இந்தப் பதினான்கு மாடிக் கட்டிடத்தை எதிர்ச் சாலையோரம் நின்று அண்ணாந்து மாடி எண்ணாமல் திரும்பியவர் சிலரே. அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, அது வெறும் அலுவலகம் என்று நகரத்தார் நகைத்ததுண்டு. அந்த நகைப்பு பொருந்தாது. கோபுரத்தைத் தவிர வேறு உயரம் அறியாதவர்கள் கோயிலல்லாத ஒன்று அத்தனை உயரம் நிற்பதைப் பார்க்க வந்தார்கள்; அவர்கள் பார்த்ததில் பொருள் இருந்தது. 1968 ஜனவரியில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு, கண்ணகி, திருவள்ளுவர், பாரதியார் முதலியோரின் சிலைகளைக் கடற்கரைச் சாலையில் நிறுத்தியது. அதன் ஊர்வலத்தைக் காண வந்தவர்களில் எண்ணற்றோருக்கு அதுவே முதல் பட்டணம். 1969இல் மறைந்த அண்ணாவும் 1987இல் மறைந்த எம்.ஜி.ஆரும் மெரினாவில் அடக்கம் செய்யப்பட்ட பிறகு, வேடிக்கைப் பயணத்துக்குள் வழிபாடு மீண்டும் நுழைந்தது. எம்.ஜி.ஆர். சமாதியின் கல்லில் காதை வைத்து அவருடைய கைக்கடிகாரம் ஓடும் ஓசையைக் கேட்க முயல்பவர்களை இன்றும் அங்கே காணலாம். திரைப்படமும் தன் பங்குக்குச் சில வாசல்களைச் சேர்த்தது: திருப்பதியில் தரிசனம் முடித்த தெலுங்கு யாத்திரிகர்கள், என்.டி. ராமராவைப் பார்ப்பதற்காகத் தியாகராய நகரில் அவர் வீட்டுக்கு முன் பேருந்துகளில் வந்து இறங்கியது அக்கால நகர வாழ்வின் அன்றாடக் காட்சி.

பழைய பட்டியலின் முதுகெலும்பு 1985இல் முறிந்தது. அந்த ஆண்டு மே மாத இறுதியில் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அங்கே புறநகர் ரயில் நிலையம் வந்தது. சில வாரங்களில், ஜூலையில், வண்டலூரில் அறிஞர் அண்ணா விலங்கியல் பூங்கா திறக்கப்பட்டு, நூற்றிருபது ஆண்டுக்கு மேலாகச் சென்ட்ரலருகே இருந்த உயிர் காலேஜ் நகருக்கு வெளியே போயிற்று. விலங்குகளுக்கு அது நன்மையே. நடந்தே பார்த்தவர்களுக்கு அரைநாள் இழப்பு. மெரினாவில் 1977இல் செயல்படத் தொடங்கிய புதிய கலங்கரை விளக்கமும், 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின் பொதுமக்களுக்கு மூடப்பட்டு, 2013 நவம்பரில்தான் மறுபடி திறந்தது. இடங்கள் சிதறிய காலத்தில், 1971இல் அமைந்த தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் நகர்ச் சுற்றுலாப் பேருந்து, நடையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வள்ளுவர் கோட்டம், கிண்டிப் பாம்புப் பண்ணை, பிர்லா கோளரங்கம் என்று புதிய பெயர்கள் சேர்ந்தன. உறவினரின் வாய்ச்சொல் வகுத்த வழியை அலுவலகத்து அட்டவணை வகுக்கத் தொடங்கியது அப்போதுதான்.

இன்றும் பழைய வழக்கம் முழு உருவில் வெளிப்படும் நாள் ஒன்று உண்டு. தைப் பொங்கலின் மூன்றாம் நாளாகிய காணும் பொங்கலன்று செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டச் சிற்றூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து மெரினாவையும் வண்டலூரையும் எழும்பூர் அருங்காட்சியகத்தையும் நிறைக்கும் மக்கள், கட்டுச்சோற்றை மணலில் விரித்து உண்பதையும் விடவில்லை; கூட்டத்தில் பிள்ளைகள் தவறிவிடாதிருக்க, பெற்றோரின் கைப்பேசி எண் எழுதிய பட்டையைக் குழந்தைகளின் மணிக்கட்டில் காவலர்கள் கட்டிவிடுகிறார்கள். வெளியூர்ப் பேருந்துகள் வந்து நிற்கும் இடம் பாரிமுனையிலிருந்து 2002இல் கோயம்பேட்டுக்கும், 2023 டிசம்பர் இறுதியில் தென் மாவட்டப் பேருந்துகளுக்காகக் கிளாம்பாக்கத்துக்கும் பெயர்ந்திருக்கிறது. கிளாம்பாக்கம் வண்டலூரை அடுத்தது. ஆகவே தெற்கிலிருந்து முதன்முறை வருபவர் நகருக்குள் நுழையுமுன்பே விலங்குகளைப் பார்த்துவிடும் வாய்ப்பு ஏற்பட்டுள்ளது. வண்டி இறக்கிவிடும் இடமே பட்டியலின் தலைப்பை எழுதுகிறது என்னும் பழைய விதி இதில் மாறவில்லை. அந்தப் பட்டியலில் 1854 முதல் இடம் பெயராமல் நிற்பது எழும்பூர் அருங்காட்சியகம் ஒன்றே. இரண்டு நாள் பயணமாக வருபவர்கள் அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் முன்கூட்டியே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.